இரண்டு நிமிட ட்ரெய்லருக்கு எந்தக் கேமரா, எந்த மென்பொருள்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு படிக்கும் நான்கு பேர், பொள்ளாச்சிப் பக்கம் கிடைத்திருக்கும் ஒரு பழைய வீட்டை வைத்து ஒரு திகில் படத்துக்கு இரண்டு நிமிட ட்ரெய்லர் எடுக்கப் போகிறார்கள். முழுப்படம் எதுவும் இல்லை, ட்ரெய்லர்தான் ப்ராஜெக்ட். கையில் ஒரு கேனான் 200டி மார்க் 2, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு நடுத்தர ஆண்ட்ராய்டு போன், 8 ஜிபி ராம் கொண்ட மடிக்கணினி. பணம் 20,000 ரூபாய். பழைய மிரர்லெஸ் கேமரா வாங்கலாமா, குலுக்கலைத் தடுக்கும் கிம்பல் என்ற கைப்பிடி வேண்டுமா, படத்தொகுப்புக்கு பிரீமியரா டாவின்சியா, ட்ரோன் ஷாட் ஒன்று வைக்கலாமா என்பவை கேள்விகள். துறை அரங்கில் திரையிட்டுவிட்டு யூடியூபில் ஏற்றுவதாகத் திட்டம்.

கேமரா வாங்காதீர்கள். கிம்பலும் வேண்டாம். காரணம் பணம் மட்டுமல்ல. ட்ரெய்லர் என்பது சிறிய குறும்படம் அல்ல. அதன் வேலைக்கணக்கே வேறு. குறும்படத்தில் இரண்டு இடங்கள், நான்கு காட்சிகள், நீளமான வசனங்கள். ஒரு முறை விளக்கை நிறுத்தினால் அரை நாள் அங்கேயே ஓடும். ட்ரெய்லரில் ஒரு ஷாட் சராசரியாக இரண்டு நொடிதான் நிற்கும். எழுத்து வரும் இடங்களையும் இருட்டில் விடும் இடங்களையும் கழித்தால்கூட இரண்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 ஷாட் வேண்டும். கிணற்றடியில் நான்கு, மச்சுப்படியில் நான்கு, சமையலறையில் இரண்டு, சாலையில் இரண்டு என்று அவை சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமராவைப் பொருத்தி, சமன் செய்து, விளக்கை நகர்த்த 25 நிமிடம் ஆனால் 50 ஷாட்டுக்கு 20 மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். அதே வேலையை 10 நிமிடத்தில் முடித்தால் எட்டரை மணி நேரத்துக்குள் அடங்கும். ஆகவே உங்களுக்கு வேண்டியது உயர்ந்த கருவி அல்ல, கையில் எடுத்தவுடன் வேலை செய்யும் கருவி. நீங்கள் மூன்றாண்டாகக் கையாண்டு பழகிய 200டி அந்தத் தகுதியில் எந்தப் புதுக் கேமராவையும் தோற்கடிக்கும். புதிதாக வாங்கிய கேமராவின் மெனுவைப் படப்பிடிப்புத் தளத்தில் தேடிக்கொண்டிருக்கும் ஒளிப்பதிவாளரால் மொத்தக் குழுவும் வெயிலில் நிற்கும்.

கருவிக் கடைக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. போனை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு ஒரு நாள் போங்கள். நடிகர்கள் வேண்டாம், நீங்களே ஒருவருக்கொருவர் நின்றுகொள்ளுங்கள். 50 ஷாட்டையும் புகைப்படங்களாக எடுத்துவிடுங்கள். வசனங்களையும் பின்னணிக் குரலையும் போனிலேயே பேசிப் பதிந்து, புகைப்படங்களை வரிசையாக அடுக்கி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு போட்டோ ட்ரெய்லர் செய்யுங்கள். இதை நீங்கள் கடைசியில் பயன்படுத்தப் போகும் மென்பொருளிலேயே, அதே மடிக்கணினியிலேயே செய்யுங்கள். எந்த ஷாட் தேவையே இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு கழன்று விழும். எந்த லென்ஸ் தூரம் வேண்டும், விளக்கு வைக்க இடம் உண்டா, ப்ளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். மென்பொருள் உங்கள் கணினியில் மூச்சுத்திணறுகிறதா என்பதும் தெரியும். வாடகைக் கடைக்கு எழுதும் பட்டியல் இதிலிருந்துதான் வர வேண்டும்.

இனி கேமரா அமைப்புகள். 200டி மார்க் 2-வில் 4கே இருக்கிறது, ஆனால் அதைத் தொடாதீர்கள். 4கே-வுக்குப் போனால் சட்டகம் இன்னும் வெட்டுப்பட்டுக் குறுகிவிடும். அந்தப் பழைய வீட்டின் சின்ன அறைகளில் 18 மி.மீ. லென்ஸே போதாமல் போகும். கேனானின் பெரிய பலமான ட்யூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸும் 4கே-வில் வேலை செய்யாது. முழு எச்.டி.யில், அதாவது 1920-க்கு 1080-இல், எடுங்கள். வீடியோ சிஸ்டத்தை பால் (PAL) என்று மாற்றி நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெளிச்சம் விழும் நேரம், 1/50 நொடி என்று வைத்துவிட்டுக் கடைசி வரை மாற்றாதீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்பும் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றிருந்தால் அந்த மினுங்கல் படத்தில் தெரியாது. பலரும் போனில் இருக்கும் 30 ஃப்ரேம், 1/60 என்பதை அப்படியே வைத்து எடுத்துவிட்டு, திரையில் கோடு கோடாக ஏன் ஓடுகிறது என்று பிறகு கேட்கிறார்கள். வேகம் குறைத்துக் காட்ட வேண்டிய ஷாட்டுகளை மட்டும் 50 ஃப்ரேமில் எடுங்கள். 25-க்குள் போட்டால் சரியாகப் பாதி வேகம் வரும், குலுங்காது.

பிக்சர் ஸ்டைலை நியூட்ரல் என்று வைத்து ஷார்ப்னஸைக் கீழே இறக்குங்கள். இணையத்தில் கிடைக்கும் மிகத் தட்டையான ஸ்டைல்களை ஏற்ற வேண்டாம். இந்தக் கேமரா பதிவது 8 பிட். அதில் எல்லாவற்றையும் சாம்பலாக எடுத்துவிட்டு டி.ஐ.யில், அதாவது நிறத் திருத்தத்தில், இழுத்தால் சுவரிலும் வானத்திலும் படிப்படியாகக் கோடு விழும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பு ஆட்டோவில் இருக்கவே கூடாது. ஒரே அறையில் ஒரு ஷாட் மஞ்சள், அடுத்தது நீலம் என்று வந்தால் வெட்டி ஒட்ட முடியாது. ஐ.எஸ்.ஓ., அதாவது வெளிச்சத்துக்கான கேமராவின் உணர்திறன், 1600-க்கு மேல் போகாதீர்கள், படத்தில் புள்ளி இரைச்சல் ஏறும்.

அந்த வரம்பில் திகில் படம் எப்படி எடுப்பது என்று கேட்பீர்கள். இருட்டை இருட்டில் எடுக்க முடியாது. வெளிச்சம் போட்டு எடுத்துப் பிறகு இருட்டாக்க வேண்டும். வீட்டுக்குள் ஜன்னலை முதன்மை விளக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலுக்கு வெளியே கட்டினால் வெளிச்சம் மெத்தென்று இறங்கும். எதிர்ப்பக்கம் தெர்மோகோல் அட்டை பிடித்தால் முகத்தில் நிரவல். அதையே எடுத்துவிட்டுக் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டால் பாதி முகம் இருளில் போகும். பெரும் படப்பிடிப்புகளிலும் செய்வது இதைத்தான், துணியின் விலைதான் வேறு. அரிக்கேன் விளக்கு சட்டகத்துக்குள் இருக்கும் ஷாட்டில் அதன் சுடரை நம்பாதீர்கள். விளக்குக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாதபடி, மஞ்சள் எல்.இ.டி. பல்ப் ஒன்றை வைத்து, சுடரிலிருந்து வெளிச்சம் வருவதாக நம்பவையுங்கள். வெளிப்புற இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுக்கலாம். வானம் தெரியாத கோணம், நடிகர்களின் முதுகுப் பக்கமாக வெயில், ஒயிட் பேலன்ஸ் 3200 கெல்வின், வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் குறைவான எக்ஸ்போஷர் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). நீலம் பாய்ந்து நிலவொளி போல வரும். ஒரு ட்ரெய்லர் ஷாட்டின் இரண்டு நொடிக்கு இந்த ஏமாற்று வேலை தாராளமாகத் தாங்கும்; இரண்டு நிமிடக் காட்சிக்குத் தாங்காது.

வாடகைக்கு மூன்றே பொருள் எடுங்கள். முதலாவது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். உங்கள் கேமராவின் சென்சார் அளவுக்கு அது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். முகங்களுக்கு, கண்களுக்கு, கயிற்றைப் பற்றிய விரல்களுக்கு அதுவே போதும். வெளிச்சம் குறைந்த இடத்தில் கேமராவோடு வந்த கிட் லென்ஸைவிடப் பல மடங்கு உதவும். இரண்டாவது, கேமராவைச் சீராகத் திருப்பும் ஃப்ளூயிட் ஹெட் உள்ள ட்ரைபாட். புகைப்படத்துக்கான ட்ரைபாடில் கேமராவைத் திருப்பினால் வெட்டி வெட்டித்தான் திரும்பும். மூன்றாவது, கோடாக்ஸ் எஸ்.எல். 60 போன்ற ஒரு 60 வாட் எல்.இ.டி. விளக்கு. ஜன்னலுக்கு வெளியே வைத்து அடித்தால் மாலை ஆறு மணிக்குப் பிறகும் வேலை நடக்கும். அதன் மின்விசிறி இரையும், வசனத்தின்போது தள்ளி வையுங்கள். இவை மூன்றையும் இரண்டு மூன்று நாளுக்குச் சேர்த்துக் கேட்டால் 5,000 ரூபாய்க்குள் பேசி முடிக்கப் பாருங்கள். கல்லூரி ப்ராஜெக்ட் என்றால் குறைத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் உண்டு. எடுக்கும்போது கடையிலேயே கேமராவை ட்ரைபாடில் மாட்டிப் பாருங்கள். ட்ரைபாட் வரும், அதன் மேல் கேமராவைப் பூட்டும் சின்னப் பிளேட் வராது. பொள்ளாச்சியில் போய்த்தான் அது தெரியும். உங்கள் கேமராவின் எல்.பி.-இ17 பேட்டரி சிறியது, வீடியோவுக்கு வேகமாகக் கரையும். கூடுதலாக இரண்டு பேட்டரியையும் அங்கேயே வாடகைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிம்பலை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், லென்ஸ் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அதைச் சமன் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் மூன்று ஷாட் எடுத்துவிடலாம். மேலும் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும் திகில் ட்ரெய்லர் கல்யாண வீடியோ வாசனை அடிக்கும். கேமரா அசையாமல் நிற்க, கதவு தானாக அசைவதுதான் பயம். துரத்தல் மாதிரியான ஒன்றிரண்டு ஷாட்டுகளுக்கு, கழுத்து வாரை இறுக்கி முன்னால் தள்ளிப் பிடித்துக் கையிலேயே எடுங்கள்.

போன் இரண்டாவது கேமராவாக அல்ல, கேமரா போக முடியாத இடத்துக்காக. கிணற்று வாளிக்குள்ளிருந்து மேலே பார்க்கும் ஷாட், பரணின் இடுக்கு, ஓடும் பஸ்ஸின் ஜன்னல் இவையெல்லாம் அதன் வேலை. பஸ்ஸில் பெரிய கேமராவைத் தூக்கினால் அத்தனை தலையும் திரும்பும்; போனை யாரும் கவனிப்பதில்லை. போனின் சொந்தக் கேமரா செயலியில் எடுக்காமல், பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி உங்கள் மாடலில் இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஷட்டரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டும் வேறொன்று. போன்களில் இன்னொரு தொல்லை, ஃப்ரேம் வேகம் நிலையாக இராது, 29-க்கும் 30-க்கும் இடையில் ஊசலாடும். அப்படியே எடிட்டில் போட்டால் ஒலி மெல்ல மெல்ல விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு நிலையான 25 ஃப்ரேமுக்கு மாற்றிய பிறகு உள்ளே கொண்டுவாருங்கள்.

ஒலியைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. நான் முக்கால்வாசி எழுத நினைத்தது அதைப் பற்றித்தான்.

திகில் ட்ரெய்லரைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே பயம் வர வேண்டும். ஒலியில்லாமல் பார்த்தால் எந்த ட்ரெய்லரும் ஸ்லைட் ஷோதான். நல்ல செய்தி என்னவென்றால், குறும்படம் எடுப்பவர்களைப் போல நீங்கள் முழு லைவ் சவுண்ட் கருவிகளுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. உங்கள் ட்ரெய்லரில் உதடு தெரியப் பேசும் வசனம் ஐந்தாறு வரி இருந்தால் அதிகம். மீதியெல்லாம் வேறு படத்தின் மேல் ஓடும் குரல். ஆகவே படப்பிடிப்பில் கேமரா மைக்கில் பதிவதை பொருத்திப் பார்க்க மட்டும் உதவும் வெறும் பைலட் ட்ராக்காக வைத்துக்கொண்டு, வசனத்தைத் தனியே பதியுங்கள்.

200டி மார்க் 2-வில் மைக் செருகும் துளை உண்டு, ஹெட்போன் துளை கிடையாது. என்ன பதிகிறது என்று கேட்க வழியில்லாத கருவியை நம்பி ஒலிப்பதிவு செய்யக் கூடாது. ஏறக்குறைய 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும் போயா பி.ஒய்.-எம்1 காலர் மைக் ஒன்று வாங்குங்கள். இந்த ப்ராஜெக்டில் நீங்கள் சொந்தமாக வாங்க வேண்டிய ஒரே கருவி அதுதான். அதில் 6 மீட்டர் வயர் இருக்கிறது. வயரின் நடுவில் இருக்கும் சின்னப் பெட்டியில் போன், கேமரா என்று இரு நிலைகள் கொண்ட சுவிட்ச் உண்டு. அது தவறான நிலையில் இருந்தால் ஒலி வராது, அல்லது சன்னமாக வரும். இன்னொரு போனில் வேவ் கோப்பாகப் பதியும் செயலியைப் போட்டு, 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்து, நடிகரின் சட்டைப்பையிலேயே போனை விட்டுவிடலாம். ஒவ்வொரு டேக்குக்கும் கேமரா முன் ஒரு கைத்தட்டு. எடிட்டில் அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்துவது ஒரு நிமிட வேலை. உங்கள் போனில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால் டைப்-சி மாற்றி வாங்கும்போது மைக் வேலை செய்கிறதா என்று கடையிலேயே பேசிப் பாருங்கள். சிலவற்றில் பாட்டு கேட்க மட்டும்தான் முடியும்.

ஓர் எச்சரிக்கை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தென்மேற்குப் பருவ மாதங்களில் பொள்ளாச்சிப் பக்கம் ஓயவே ஓயாது. மைக்கின் தலையில் இருக்கும் மெல்லிய ஸ்பாஞ்ச் அதற்கு முன்னால் நிற்காது. ரோமம் வைத்த காற்றுத்தடுப்பு வாங்குங்கள். இல்லாவிட்டால் மைக்கைச் சட்டைக்கு உட்புறம் ஒட்டி, துணி உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிப்புற வசனம் கெட்டுப்போனால் கவலைப்படாமல் டப் செய்துவிடுங்கள். தமிழ் சினிமாவின் பெரும்பகுதி டப்பிங்கில்தான் பேசியிருக்கிறது. கட்டிலின் மேல் மெத்தையை நிறுத்தி, மூன்று பக்கம் போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசினால் போதும். நிறுத்தி வைத்த காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பேசுவதும் நன்றாக வரும்.

வசனத்தைவிட முக்கியம் மற்ற ஓசைகள். ஒருவரைப் படப்பிடிப்பிலிருந்து விடுவித்து, போனும் மைக்குமாக அந்த வீட்டைச் சுற்றி அரை நாள் அலையவிடுங்கள். கிணற்றுக் கப்பி, துருப்பிடித்த கதவுக் கீல், மரப்படியில் வெறுங்கால், தூரத்து மோட்டார் ரூம், பல்லி, இரவில் தவளை. ஒவ்வொன்றையும் மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து அரை நிமிடமாவது பதிய வேண்டும். ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாமல் அசையாமல் நின்று ஒரு நிமிடம் அந்த அறையின் வெறும் ஓசையையும் பதியுங்கள். வெட்டுக்கு வெட்டு ஒலி துள்ளாமல் இருக்க அடியில் ஓடவிட அதுதான் கைகொடுக்கும்.

கிணற்றடியை எடுத்துக்கொள்வோம். நான்கே ஷாட்: கப்பி, கயிறு இழுக்கும் கை, இருட்டுக்குள் இறங்கும் கயிறு, பெண்ணின் முகம். மொத்தம் 12 நொடி. அடியில் தவளைச் சத்தம் ஓடுகிறது. அதன் மேல் கப்பி கீச்சிடுகிறது, ஒரே தாளத்தில், ஐந்து முறை. ஆறாவது கீச்சு வர வேண்டிய இடத்தில் வரவில்லை, கயிறு இறுகிவிட்டது. அதே ஃப்ரேமில் தவளைகளும் நின்றுவிடுகின்றன. ஆள் நடமாட்டம் தெரிந்தால் தவளை சட்டென்று வாயை மூடும் என்பது கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். அந்த மௌனத்தின் பொருள் மூளைக்கு எட்டும் முன் முதுகுக்கு எட்டிவிடும். 12 ஃப்ரேம், அதாவது அரை நொடி, முழு நிசப்தம். பிறகு கயிற்றின் நார் முறுக்கும் ஓசை மட்டும், மிக அருகில். கறுப்பு. இதற்கு இசை தேவையில்லை, பேய் தேவையில்லை, 1,000 ரூபாய் மைக்குக்கு மேல் எதுவும் தேவையில்லை.

இசை வேண்டிய இடங்களில், யூடியூபில் கிடைக்கும் இடியும் முழக்கமுமான அந்த ஒரே ட்ரெய்லர் இசையைத் தயவுசெய்து இறக்காதீர்கள். இந்த ஆண்டு உங்கள் துறையிலேயே இன்னும் மூன்று குழுவாவது அதையே போடும். திரைப்படப் பாடலோ பின்னணி இசையோ போட்டால் யூடியூபின் உரிமைச் சோதனை உடனே பிடித்துவிடும், விழாக்களுக்கும் அனுப்ப முடியாது. யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இருப்பவற்றைப் பயன்படுத்தலாம்; சிலவற்றுக்குப் பெயர் போட வேண்டும், நிபந்தனையைப் படியுங்கள். ஆனால் என் யோசனை வேறு. ஓர் உறுமிக் கலைஞரைப் பிடியுங்கள். வளைந்த குச்சியால் தோலை இழுத்துத் தேய்க்கும்போது அந்த வாத்தியம் விடும் உறுமல் திகில் படத்துக்கென்றே பிறந்தது. ஒரு மணி நேரம் விதவிதமாக வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அதை எடிட்டில் பாதி வேகத்துக்கு இறக்கினால் கிடைக்கும் அடித்தள ஓசை எந்த இணையச் சேமிப்பிலும் கிடைக்காது.

மென்பொருளுக்கு வருவோம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு உங்கள் தேவைக்கு மிச்சமாகவே இருக்கிறது. வெட்டுவது, நிறம் திருத்துவது, ஒலி கலப்பது எல்லாம் ஒரே இடத்தில். நீர்முத்திரை விழாது, காலக்கெடு கிடையாது. 295 டாலர் கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில் இருந்து இலவசத்தில் இல்லாதவற்றுள் உங்களுக்கு உறைக்கக்கூடியது இருட்டுக் காட்சிகளின் புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி. ஐ.எஸ்.ஓ.வைக் கட்டுப்படுத்தச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ரிசால்வ் கணினியைக் கசக்கும். குறைந்தது 16 ஜிபி ராமும், தனி கிராஃபிக்ஸ் கார்டும் இல்லாமல் அது நிம்மதியாக ஓடாது. உங்கள் 8 ஜிபி மடிக்கணினியில் திறக்கும், பிறகு நீங்கள் டீ குடித்துவிட்டு வரலாம். எஸ்.எஸ்.டி.யும் இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டே வரலாம்.

எனவே இரண்டு வழி. துறை ஆய்வகத்தில் தகுந்த கணினி இருந்து, ஒரு வாரத்துக்கு உங்களுக்குக் கிடைக்கும் என்றால் ரிசால்வ். கிடைக்காது என்றால் கேடிஎன்லைவ். அதுவும் இலவசம், எடை குறைவு, ப்ராக்சி என்ற வசதியை இயக்கினால் சிறிய நகல் கோப்புகளை வைத்து வெட்டிவிட்டு, கடைசியில் மூலக் கோப்பிலிருந்து வெளியேற்றும். நிறம் திருத்துவதில் ரிசால்வ் அளவுக்கு நுட்பம் இராது. ஆனால் கேமராவிலேயே ஒழுங்காக எடுத்திருந்தால் உங்களுக்குத் தேவை சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். பாதியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். போட்டோ ட்ரெய்லரை ஏன் அதே கணினியில் செய்யச் சொன்னேன் என்பது இப்போது புரியும்.

பிரீமியர் நல்ல மென்பொருள், வேலைக்குப் போனால் தெரிந்திருப்பதும் நல்லது. ஆய்வகத்தில் உரிமத்தோடு இருந்து, உங்களில் ஒருவர் அதில் தேறியவர் என்றால் தயங்காமல் அதிலேயே செய்யுங்கள். சந்தா கட்டி இதற்காக வாங்க வேண்டாம். நண்பர் பென் டிரைவில் கொண்டுவரும் உடைத்த பதிப்பு எக்காரணம் கொண்டும் வேண்டாம். ஒழுக்கப் பாடம் நடத்தவில்லை. சமர்ப்பிக்கும் வாரத்தில் வைரஸ் வந்து ரஷ், அதாவது எடுத்த மூலக் காட்சிகள், முழுவதும் பூட்டிக்கொண்டால் எந்த ஆசிரியரும் தேதி நீட்டித் தர மாட்டார்.

தமிழ் எழுத்துகளில்தான் நிறைய ட்ரெய்லர்கள் மானத்தை வாங்குகின்றன. படத்தொகுப்பு மென்பொருள்களில் சிலவற்றுக்கு நம் உயிர்மெய்யைக் கோக்கத் தெரியாது. ‘கொலுசு’ என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது வெறும் வட்டப்புள்ளி ஒன்று முளைக்கும். மென்பொருளோடு மல்லுக்கட்டாதீர்கள். இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் 1920-க்கு 1080 அளவில் பக்கம் திறந்து, யூனிகோடில் தட்டச்சு செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக வெளியேற்றி எடிட்டில் வையுங்கள், எழுத்து பிசகாது. கூகுள் ஃபான்ட்ஸில் தமிழ் எழுத்துருக்கள் இலவசமாக, பொதுப் பயன்பாட்டு உரிமத்தோடு கிடைக்கின்றன. கேடமரன், முக்தா மலர், அனேக் தமிழ், மீரா இனிமை எல்லாம் அங்கே உண்டு. திகில் படம் என்பதற்காக ரத்தம் சொட்டும் எழுத்து வேண்டாம். மெலிந்த எழுத்து, சிறிய அளவு, சுற்றிலும் கறுப்பு.

மெமரி கார்டு விஷயத்தில் கடைக்காரர் விலை உயர்ந்ததைக் காட்டுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முழு எச்.டி., 25 ஃப்ரேமில் உங்கள் கேமரா எழுதுவது நொடிக்கு ஏறக்குறைய 30 மெகாபிட். நிமிடத்துக்கு 225 எம்.பி., மணிக்கு 13 ஜிபி சொச்சம். வி30 என்று குறியிட்ட சாதாரண 32 ஜிபி கார்டு இரண்டு போதும், ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கும். அன்றன்று இரவே இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்குகளில் நகலெடுத்து, ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். இரண்டு நகலும் ஒரே பையில் பயணம் செய்யக் கூடாது.

துறை அரங்கில் திரையிடுவதாகச் சொன்னீர்கள். திரையிடும் நாளுக்கு முன்பே ஒரு முறை அங்கே போய் ஓட்டிப் பாருங்கள், பாதி முடிந்த எடிட்டாக இருந்தாலும் பரவாயில்லை. கல்லூரி அரங்குகளில் ஜன்னல் திரைச்சீலை முழுதாக மூடாது, ப்ரொஜெக்டரில் கறுப்பு கறுப்பாக இராது. கணினியில் நீங்கள் ரசித்து ரசித்து இருட்டாக்கிய மச்சுப்படி அங்கே சாம்பல் நிறச் சுவராகத் தெரியும். அரங்குக்கென்று கொஞ்சம் வெளிச்சம் கூட்டிய தனிப் பதிப்பு ஒன்று போட்டுவிடுங்கள். ஒலியிலும் அப்படித்தான். அரங்கின் பெரிய ஸ்பீக்கரில் உறுமி அதிரும், யூடியூபில் போனில் கேட்பவருக்கு அந்த அடித்தள ஓசை காதிலேயே விழாது. கலக்கும்போது போன் ஸ்பீக்கரிலும் ஒரு முறை கேட்டு, அங்கேயும் கேட்கும்படி மேல்சுருதி ஓசை ஏதாவது ஒன்றைச் சேர்த்து வையுங்கள். வெளியேற்றுவது எச்.264, எம்பி4, நொடிக்கு 20 மெகாபிட் அளவில் இருந்தால் இரண்டு இடத்துக்கும் போதும்.

ட்ரோன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு பெண் என்ற கதையில் வானத்திலிருந்து பார்ப்பது யார் என்று உங்களால் சொல்ல முடிந்தால் யோசிக்கலாம். 2021 ட்ரோன் விதிகளின்படி எந்த இடம் பச்சை மண்டலம், எந்த இடம் சிவப்பு என்று முதலில் வரைபடத்தில் பார்க்க வேண்டும், அதோடு ஓட்டுபவரின் கூலியும் சேரும். உயரமான கோணம்தான் தேவை என்றால் பக்கத்து வீட்டு மாடியில் அனுமதி கேட்டு ட்ரைபாடை நிறுத்துங்கள். ட்ரோனுக்கு ஒதுக்க நினைத்த பணத்தைச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் மாற்றிவிடுங்கள். மூன்று நாள், நடிகர்களையும் சேர்த்து எட்டுப் பேர் என்றால் உங்கள் 20,000-இல் பெரிய செலவு அதுவாகத்தான் இருக்கும், பட்டியலில் யாரும் அதை எழுதுவதில்லை.